துவங்கும்போது மின்னி மறையும் இரண்டு வரிகள்: டிமெஸ்ஜிலும் இல்லை, ஜர்னலிலும் இல்லை

அரைத்தூக்கம்

மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அமைந்த பகிர்வு. பவர் பட்டனை அழுத்தினால் கருந்திரையில் இரண்டு வரிகள் வந்து, படிப்பதற்குள் போய்விடுகின்றன. முதல் வரியில் 'எரர்' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. அப்புறம் எதுவுமே நடக்காதது போல உள்நுழைவுத் திரை வந்துவிடும்.

சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில், ஜர்னல்சிடிஎல் -பி போட்டுத் தேடினேன், இல்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜிலும் இல்லை. கெர்னல் வரியில் (துவங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) இருந்த, செய்திகளை மறைக்கும் குவயட், ஸ்பிளாஷ் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். இப்போது நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன, நான் தேடுவது அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. வரிகளை இன்னொரு கணினிக்கு அனுப்ப சீரியல் போர்ட் கிடையாது. என்ன செய்யலாம்?

குறுக்குச்சாவி

ஷிஃப்ட் + பேஜ்அப் அழுத்தி மேலே உருட்டிப் பாருங்களேன்.

பழைய_முனையம்

அந்த வசதி இப்போது இல்லை. 2020-இல் வந்த 5.9 கெர்னலிலேயே அதை எடுத்துவிட்டார்கள். எனக்கும் கை இன்னும் பழக்கத்தில் அங்கேதான் போகிறது.

அரைத்தூக்கம், டிமெஸ்ஜின் முதல் வரியில் அடைப்புக்குள் என்ன நேரம் இருக்கிறது? 0.000000 தானா?

அரைத்தூக்கம்

இல்லை, 1.137 என்று தொடங்குகிறது. நான் இதைக் கவனிக்கவே இல்லை. ஜர்னலிலும் அங்கிருந்துதான்.

பழைய_முனையம்

அப்படியானால் முதல் ஒரு விநாடி முழுக்க உங்களிடம் இல்லை. கெர்னல் தன் செய்திகளை ரிங் பஃபர் என்ற நினைவகப் பகுதியில் எழுதுகிறது. அது நிரம்பிவிட்டால் பழைய வரிகளின் மேலேயே புதியவை எழுதப்படும். ஜர்னல் சேவை எழுந்து வந்து அதைப் படிக்கும்போது மிச்சம் இருப்பதுதான் அதற்குக் கிடைக்கும். பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) இந்த பஃபர் 128 அல்லது 256 கேபிதான். சாதாரணத் துவக்கத்துக்கு அதுவே தாராளம். உங்களுக்கு ஏன் வழிகிறது என்பதுதான் கேள்வி. கெர்னல் வரியில் வேறு ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்

ஐயோ. போன வாரம் இதே வரிகளைப் பிடிக்கத்தான் இனிட்கால்_டீபக் சேர்த்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

பழைய_முனையம்

பிடிக்கப் போட்ட வலையே மீனை விரட்டிவிட்டது. அது ஒவ்வொரு துவக்கச் செயற்கூறையும் அழைக்கும்போது ஒரு வரி, முடியும்போது ஒரு வரி எழுதும். அதை எடுத்துவிடுங்கள். பஃபரைப் பெரிதாக்க லாக்_பஃப்_லென்=16எம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கெர்னலை ஏற்றும் க்ரப்பின் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் எழுதி, கண்ட்ரோல் + எக்ஸ். இந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும், பயப்பட வேண்டாம்.

அரைத்தூக்கம்

இப்போது 0.000000-இலிருந்தே வருகிறது. முதல் வரி கிடைத்துவிட்டது: 'ஏசிபிஐ பயோஸ் எரர்', ஏதோ ஒரு குறியீட்டைக் காணவில்லை என்கிறது. இரண்டாவது வரி மட்டும் இன்னும் எங்கும் இல்லை.

பழைய_முனையம்

முதலாவது பெரும்பாலும் பயோஸில் இருக்கும், வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணையை எழுதியவரின் பிழை. எல்லாச் சாதனமும் ஒழுங்காக வேலை செய்தால் அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது வரியைக் கெர்னலே எழுதவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. க்ரப், இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் ராமில் ஏறும் சிறு தற்காலிகக் கோப்பு முறைமை) ஸ்கிரிப்டுகள் இவையும் அதே திரையில்தான் எழுதுகின்றன. ஆனால் அவை ரிங் பஃபருக்குள் போவதில்லை, அதனால் எவ்வளவு பெரிய பஃபர் வைத்தாலும் சிக்காது. அந்த வரியின் முன்னால் அடைப்புக்குள் நேரம் இருந்ததா என்று பாருங்கள். நேரம் இல்லையென்றால் பேசியது வேறு ஆள்.

குறுக்குச்சாவி

பூட்_டிலே போட்டு மெதுவாக்கினால்?

பழைய_முனையம்

கெர்னலை அதற்கான வசதியோடு தொகுத்திருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் கெர்னல் வரிகள்தான் மெதுவாகும். வரிக்கு 100 மில்லிவிநாடி வைத்தால் ஆயிரம் வரிக்கு நூறு விநாடி, அத்தனை நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். கைபேசியில் ஸ்லோமோஷன் எடுப்பது எளிது. மடிக்கணினித் திரை பெரும்பாலும் விநாடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கும், விநாடிக்கு 240 படம் எடுக்கும் வீடியோ அதற்குப் போதும்.

எறும்பு42

குறுக்கே ஒரு கேள்வி. எனக்குத் துவக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது, டிமெஸ்ஜ் பார்க்கவே வழியில்லை. நெட்கன்சோல் உதவுமா?

பழைய_முனையம்

கம்பி வலையமைப்பு இருந்தால் உதவும். யுடிபி வழியாக இன்னொரு கணினிக்கு வரிகளை அனுப்பும், வழக்கமான போர்ட் 6666. ஆனால் நெட்வொர்க் டிரைவர் எழுந்த பிறகுதான் அதற்கு வாய் வரும், அதற்கு முன்பே நின்றால் பயனில்லை. சீரியல் இருந்தால் கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்பதற்கு ஈடில்லை, கூடவே இயர்லிகான் போட்டால் இன்னும் முன்னாலிருந்தே கிடைக்கும். கெர்னல் பேனிக் ஆகிறதென்றால் (மீளமுடியாத பிழையால் நின்றுபோகிறதென்றால்), அடுத்த முறை துவங்கியதும் /சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர் அடைவைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய வகை பயோஸ்) நினைவகத்தில் கடைசி வரிகள் தங்கியிருக்கக் கூடும். அங்கே காலி என்றால் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள், இது வேறு நோய்.

அரைத்தூக்கம்

வீடியோ எடுத்துவிட்டேன். மூன்று தடவை கை நடுங்கியது, நான்காவதில் புத்தகம் அடுக்கி அதன்மேல் கைபேசியை வைத்தேன். நேரம் இல்லை, நீங்கள் சொன்னது சரி. வரியின் தொடக்கம் மங்கல், கடைசியில் 'ரெகவரிங் ஜர்னல்'. ஜர்னல் என்றால் சிஸ்டம்டியின் ஜர்னலா?

பழைய_முனையம்

இல்லை, பெயர்தான் ஒன்று. இது எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னல். ரூட் பகிர்வை (இயங்குதளம் இருக்கும் பகிர்வு) ஏற்றுவதற்கு முன் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஓடும், கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே சொல்வது. அதன் வெளியீடு /ரன்/இனிட்ராம்எஃப்எஸ்/எஃப்எஸ்சிகே.லாக் கோப்பில் இருக்கும். /ரன் முழுக்க ராமில் இருப்பது, அணைத்தால் போய்விடும், அதனால் இப்போதே பாருங்கள்.

ஒழுங்காக அணைத்த கணினியில் அங்கே 'கிளீன்' என்றுதான் வர வேண்டும். தினமும் 'ரெகவரிங் ஜர்னல்' வந்தால், முந்தைய தடவை பகிர்வை முறையாக இறக்காமலே மின்சாரம் போயிருக்கிறது என்று பொருள். எப்படி அணைக்கிறீர்கள்?

அரைத்தூக்கம்

கோப்பில் அதே வரி அப்படியே இருக்கிறது.

அணைப்பதைப் பற்றிக் கேட்டீர்களே... ஷட்டவுன் கொடுத்தால் கருந்திரையில் ரொம்ப நேரம் நிற்கும். பொறுமை இல்லாமல் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துவிடுவேன். மாதக்கணக்காக இப்படித்தான்.

பழைய_முனையம்

சரி, ஆள் கிடைத்துவிட்டார். இன்றைக்கு பட்டனில் கை வைக்காமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஏதோ ஒரு சேவை நிற்க மறுக்கிறது, சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி பார்த்துவிட்டு அதைக் கொன்றுவிடும். மறுபடி துவங்கியதும் ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ, கடைசி இருபது வரியை இங்கே போடுங்கள்.

அரைத்தூக்கம்

93 விநாடியில் தானாகவே அணைந்தது. இப்போது எஃப்எஸ்சிகே.லாக்கில் 'கிளீன்'. நிற்க மறுத்தது நான் எப்போதோ எழுதி மறந்த பேக்கப் ஸ்கிரிப்ட்.