பத்தால்யா மடம்: ஃப்ளையிங் பட்ரஸுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே,

போர்த்துக்கலில் பத்தால்யா மடத்தைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆசிரியர் கைக்குப் போகவேண்டும். 1385இல் அல்சுபரோட்டாப் போரில் பக்கத்து நாடான காஸ்தில் படையை வென்ற போர்த்துக்கல் அரசர் முதலாம் ஜோவான், நேர்ந்துகொண்டு கட்டிய கோதிக் பாணி மடம். தேவாலய நடுக்கூடம் 32 மீட்டர் உயரம், கழுத்து வலிக்கிறது. வெளியே வந்தால்தான் சூட்சுமம் தெரிகிறது: பக்கக் கூடத்தின் கூரைக்கு மேலே, சுவருக்கும் வெளித்தூணுக்கும் நடுவில், அந்தரத்தில் பாயும் அரைவளைவுகள். 'பறக்கும் முட்டு' என்று எழுதினேன். மனைவி சிரித்துவிட்டார்.
— ச.

> பறக்கும் முட்டு

எது பறக்கிறது? பிரெஞ்சில் ஆர்க்-பூத்தான், தள்ளும் வளைவு என்றுதான் பொருள். ஆங்கிலம்தான் பறக்கவிட்டது. கல் கவிகை, அதாவது வளைந்த கல் கூரை, சுவரை வெளியே பிதுக்கும். வளைவு அந்த உதைப்பை வாங்கி வெளித்தூண் வழியாகத் தரைக்கு இறக்கும். 'முட்டு'ம் வேண்டாம். சைட்டில் முட்டு என்றால் மேஸ்திரி சவுக்குக் கட்டையோடு வருவார், கான்கிரீட் இறுகியதும் பிரித்துவிடுவார். உதைவளைவு என்று வையுங்கள்.
— பொ.

குறள் எல்லாருக்கும் மறந்துவிட்டதா? 'மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை' (449). மதலை என்றால் தாங்குவது. நாலடியார் இன்னும் கிட்டே வருகிறது: கறையான் தின்ற ஆலமரத்தை அதன் விழுதே மதலையாய்த் தாங்குவதுபோல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான். விழுதை நினைத்துப் பாருங்கள். கிளையிலிருந்து விலகி இறங்கி, வெளியே ஊன்றுகிறது. மகனுக்கு மதலை என்று பேர் வந்ததே இதனால்தான் என்பது என் துணிபு. மதலைவளைவு!
— இ.

ஐயா, மன்னிக்கவேண்டும். இன்று மதலை என்றால் குழந்தை. 'மடத்தைச் சுற்றிலும் மதலைகள்' என்று படத்துக்கடியில் போட்டால் துறவிகள் பேர் கெட்டுவிடும். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியரிடம் வாங்கியவைதானே? அவர்களுடைய ஆர்க்கோபோத்தாந்தேயையும் வாங்கிக்கொண்டால் என்ன?
— வ.

வாய்க்குள் நுழைந்தால் வாங்கலாம். 'அணைவளைவு' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார், அது வேறு. பக்கத்தில் அல்கொபாசா மடத்தில் நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒன்றை ஒன்று அணைத்து நிற்கின்றன. அங்கே இந்த வளைவுகள் பலிபீடத்தின் பின்புறத்தில்தான். அணைப்பதும் உதைப்பதும் ஒன்றில்லை.
— பொ.

மூன்று பேர் உதைவளைவு என்கிறார்கள், ஒருவர் இன்னும் யோசிக்கிறார். எனக்கு நேரமில்லை, அதையே போட்டு அனுப்பிவிட்டேன்.
— ச.

அனுப்பியாயிற்றா! வினைத்தொகை என்ற அளவில் ஒத்துக்கொள்கிறேன்: 600 ஆண்டாக உதைத்த, உதைக்கின்ற, இனியும் உதைக்கும் வளைவு. ஆனாலும் மதலையை ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாதா, தம்பி?
— இ.