சீலா மீன் தூண்டில் நரம்பை அறுத்துவிடுகிறது, என்ன கம்பி போடலாம்?

தூண்டில் தொழில் தெரிந்த அண்ணன்மார்கள் கொஞ்சம் உதவுங்கள்.

காசிமேட்டில் என் நண்பன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். லீவு கிடைத்தால் விடியுமுன் நானும் கூடப் போவேன். எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் குறி வைத்தே பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடத்தைப் பிடித்துவிடுவான். ஜிபிஎஸ் இருந்தாலும் கண் முதலில் கரையைத்தான் தேடும்.

சங்கரா நன்றாகவே ஏறுகிறது. சிக்கல் சீலாவும் வஞ்சிரமும்தான். கை கனக்கும், அடுத்த நொடி நரம்பு லேசாகிவிடும். இழுத்துப் பார்த்தால் தூண்டில் முள்ளுக்குச் சற்று மேலே பிளேடு போட்ட மாதிரி வெட்டு. நரம்பைத் தடிமனாகப் போட்டால், வெயில் ஏறியதும் மீன் இரையைத் தொடுவதே இல்லை. எனக்கு இது ஆசை, அவனுக்குப் பிழைப்பு. ஒரு வஞ்சிரம் போனால் அன்றைய டீசல் காசே போன கணக்கு.

முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டுகிறவர்கள் ஒற்றைக் கம்பியா, முறுக்குக் கம்பியா? எவ்வளவு நீளம் விடுகிறீர்கள்? இரையாக உயிருள்ள கவளை மீனைக் கோர்த்தால் கம்பி தெரிந்தாலும் கடிக்குமா?

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. லைஃப் ஜாக்கெட் போட்டால் நரம்பு இழுக்கக் கை வரவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறான். தோள் பக்கம் இடைஞ்சல் இல்லாத ஒன்றை யாராவது கடலில் போட்டுப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஏப்ரல் 15-இல் விசைப்படகுத் தடை தொடங்குகிறது. இவன் ஃபைபர் படகுக்கு அந்தத் தடை இல்லை, அதன்பின் அவன் தினமும் போவான், அதற்குள் கிடைத்தால் நல்லது.