காரமண் உலோக பென்சோயேட் படிகங்கள்: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

காரமண் உலோகங்களின் (மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ராண்டியம், பேரியம்) பென்சோயேட் வகை உப்புகளைச் செய்ய, அமிலத்தோடு உலோகக் கார்பனேட்டை வினைப்படுத்தும் வழிதான் சுத்தமானது. சோடியம் உப்போடு உலோக குளோரைடைக் கலந்தால் சோடியமும் குளோரைடும் கடைசிவரை கூடவே வரும். 4-நைட்ரோபென்சோயிக் அமிலம் 1.67 கிராம் (10 மில்லிமோல்), நீர் 100 மி.லி. கார்பனேட் 5 மில்லிமோல்: கால்சியம் 0.50, ஸ்ட்ராண்டியம் 0.74, பேரியம் 0.99 கிராம். இதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுங்கள். மிஞ்சும் கார்பனேட் வடிதாளில் நின்றுவிடும். மிஞ்சும் அமிலமோ சூட்டில் கரைந்து வடிதாளைத் தாண்டி, ஆறியதும் உப்போடு சேர்ந்து படிகமாகும். 80 டிகிரிக்கு மேல் கலக்கிக்கொண்டே இருங்கள். நுரைப்பு நின்றதும் சூடாகவே வடிகட்டுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் 1690 செ.மீ.⁻¹ பக்கம் பட்டை தெரிந்தால் அமிலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

மக்னீசியத்தில் ஒரு பொறி. கடையில் வரும் மக்னீசியம் கார்பனேட் பெரும்பாலும் ஹைட்ராக்சைடு கலந்த காரக் கார்பனேட். மூலக்கூறு எடை 84.3 என்று கணக்கிடாதீர்கள். ஒரு மக்னீசியத்துக்கு 97 என்று வைத்து 0.49 கிராம் எடுங்கள்.

—

மேலே சொன்னதோடு: பேரிய வடிநீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். கரையும் பேரியம் நஞ்சு. சோடியம் சல்பேட் விட்டு வீழ்படிவாக்கிய பிறகே கழிவுக்கு அனுப்புங்கள். நீரில் சல்பேட் இருந்தாலே கரைசல் கலங்கும், ஆகவே வாலைவடி நீர் மட்டும்.

—

இந்த உப்புகளில் கட்டமைப்பைத் தீர்மானிப்பது நீர்தான். மக்னீசியம் அயனி சிறியது (ஆறு அணுக்கள் சூழ்ந்த நிலையில் ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம்), நீரை விடாது. 4-நைட்ரோபென்சோயேட்டில் ஆறு நீரும் மக்னீசியத்தைச் சூழ்ந்திருக்க, அமிலத்தின் கார்பாக்சிலேட் (–COO⁻) முனை உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பில்தான் நிற்கிறது. இன்னும் இரண்டு நீர் உலோகத்தைத் தொடாமல் அணிக்கோவையில் (படிக அடுக்கின் இடைவெளியில்) இருக்கிறது. கால்சியத்துக்கு வந்ததும் கார்பாக்சிலேட் நேராக உலோகத்தில் அமரும். ஸ்ட்ராண்டியம், பேரியத்தில் அணைவு எண் (உலோகத்தோடு பிணையும் அணுக்களின் எண்ணிக்கை) 8, 9, 10 என்று ஏறும். ஒரே ஆக்சிஜன் இரண்டு உலோகங்களுக்குப் பாலமாகிச் சங்கிலியாக நீளும். மக்னீசியம்–ஆக்சிஜன் தூரம் சுமார் 2.05–2.10, பேரியத்தில் 2.7–3.0 ஆங்ஸ்ட்ராம். பேரியத்தில் 3.2-இல் ஓர் ஆக்சிஜன் நின்றால் அது பிணைப்பா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பிணைப்பு வலுக் கூட்டலைப் போட்டு (ஒவ்வொரு தூரத்துக்கும் உரிய பிணைப்பு வலுவைக் கூட்டி), பேரியத்தின் மின்சுமையான 2-க்கு அருகில் வருகிறதா பாருங்கள்.

டிஜிஏ-வில் (சூடாக்கி எடை இழப்பை அளக்கும் முறை) நீரின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் முக்கியம். மக்னீசிய உப்பில் 8 நீர் என்றால் இழப்பு 28.8%, 6 என்றால் 23.3%. நைட்ரோ உப்பு என்பதால் சில மில்லிகிராமுக்கு மேல் வைக்காதீர்கள். சிதைவு வேகமாக நடந்து மாதிரி கிண்ணத்தை விட்டுத் தெறிக்கும்.

—

ஒற்றைப் படிக எக்ஸ்ரே அளவீட்டுப் பக்கம் என் பங்கு. படிகத்தை வடிதாளில் உலர்த்தினால் அணிக்கோவை நீர் போய், பளபளப்பு மங்கி, வெண்மையாகிவிடும். தாய்க்கரைசலிலிருந்து (படிகம் வளர்ந்த கரைசல்) நேராகப் பெர்ஃப்ளூரோ எண்ணெய்க்குள் எடுத்து, குளிர் நைட்ரஜன் ஓட்டத்தில் பொருத்துங்கள். 100 கெல்வினில் விரிசல் விட்டால் 200-இல் முயலுங்கள்.

பலரும் கவனிக்காதது ஸ்ட்ராண்டியம். அதன் கே விளிம்பு (எக்ஸ்ரே உறிஞ்சல் திடீரென எகிறும் ஆற்றல்) 16.1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். அளக்கப் பயன்படும் மாலிப்டினம் எக்ஸ்ரே கதிர் அதற்குச் சற்று மேலே, 17.4-இல். அதனால் ஸ்ட்ராண்டியம் கதிரை அள்ளி விழுங்கி ஒளிர்வைத் திருப்பிக் கொட்டும், பின்னணி ஏறும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் மாலிப்டினத்தில் பேரியத்தைவிட ஸ்ட்ராண்டியமே அதிகம் உறிஞ்சும். சிறிய, கனசதுரத்துக்கு நெருங்கிய படிகமாகத் தேர்ந்தெடுங்கள். பேரியத்துக்குத் தாமிரக் கதிரைத் தவிருங்கள்.

பேரியத்துக்கு அருகே உள்ள நீரின் ஹைட்ரஜன் வேறுபாட்டு வரைபடத்தில் (அளந்த எலெக்ட்ரான் அடர்த்திக்கும் மாதிரியின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு) தெளிவாக வராது. எதிரே ஏற்பி ஆக்சிஜன் இருக்கும் திசையில் வைத்து, ஓ–எச் தூரத்தை 0.85 ஆங்ஸ்ட்ராம் சுற்றிக் கட்டுப்படுத்துங்கள்.

—

டெரிதாலேட் (பென்சீன் வளையத்தில் எதிரெதிரே இரண்டு கார்பாக்சிலேட் கொண்ட உப்பு) செய்பவர்களுக்கு: கலந்த உடனே தூளாக இறங்கும், ஒற்றைப் படிகம் கிடைக்காது. யு வடிவக் குழாயில் சிலிக்கா ஜெல் வைத்து இரு பக்கமும் நீர்த்த கரைசலை ஊற்றி மெதுவாகச் சந்திக்க விடுங்கள். பிறகு அறை வெப்பநிலையில் எடுத்த தூள் எக்ஸ்ரேயோடு ஒப்பிடும்போது, 100 கெல்வினில் அளந்த அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகு) சுருங்கியிருப்பதால் கணக்கிட்ட உச்சங்கள் சற்று உயர்ந்த கோணத்தில் விழும். அதை வேறு கட்டம் (வேறு படிக வடிவம்) என்று எண்ணிவிட வேண்டாம்.