சைபர் கிரைம் போலீசுக்குப் போனவர்கள்: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

பாகூர் மகன்

"இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற செய்தி, கூடவே, தொட்டால் போனில் திருட்டுச் செயலியை நிறுவும் ஒரு ஏபிகே கோப்பு. அது எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் கணக்கிலிருந்து 1,84,000 ரூபாய் போனது. திருடனை நான் மறந்துவிடுவேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு.

வீடு பாகூர் கொம்யூனில், வங்கிக் கணக்கு கடலூரில். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லையோரக் காவல் நிலையம் ஒன்றில், "வங்கி கடலூரில்தானே, அங்கே போங்கள்" என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் ஆதாரைப் பார்த்துவிட்டு, "புதுச்சேரிக்காரர் அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும்" என்றார்கள். நான் வாதாடிக்கொண்டிருந்தபோதே அப்பாவின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. இன்னொரு 20,000 ரூபாய் போய்விட்டது, அவர்கள் கண்ணெதிரிலேயே. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு புதுச்சேரி சைபர் கிரைம் காவல் நிலையம் போனோம். அங்கிருந்த பெண் காவலர் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. "முதலில் போனை அணையுங்கள்" என்றார். அடுத்து, "கடைசியாக எத்தனை மணிக்குப் பணம் போனது?" அவரே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் பேசிப் பதிவுசெய்தார். வேறொரு மாநிலத்தில் ஒரு கணக்கில் 61,000 ரூபாய் முடக்கப்பட்டுச் சிக்கியது. அந்த ஒரு கேள்வியை முதல் நிலையத்திலேயே யாராவது கேட்டிருக்கக் கூடாதா?

பண்ருட்டி முந்திரி வியாபாரி

நான் புகார் கொடுத்தவன் இல்லை, யாரோ கொடுத்த புகாரில் சிக்கியவன். முந்திரிப் பருப்பு வாங்கியவர் யுபிஐயில் 18,500 ரூபாய் அனுப்பினார். அது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணமாம். வடமாநில சைபர் போலீஸ் என் நடப்புக் கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது.

அன்று கூலி நாள். வங்கி மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்: இருப்பு நான்கு லட்சத்துக்கு மேல், எடுக்கக்கூடிய தொகை பூஜ்ஜியம். வீட்டுக்கு வந்தால், முந்திரி உடைத்த பெண்கள் திண்ணையில் காத்திருந்தார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த கைகள். மூத்தவர் ஒருவர், "பரவாயில்லை தம்பி, திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுந்தார். திங்கட்கிழமையும் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.

பாகூர் தம்பிக்கு 61,000 ரூபாய் சிக்கியதில் மகிழ்ச்சி. அதே பிடி என் போன்றவர்கள் கழுத்தையும் நெரிக்கிறது.

லாஸ்பேட்டை ஆசிரியை

பண்ருட்டி அண்ணன் சொல்வதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. பங்கு வர்த்தகம் கற்றுத் தருவதாகச் சொன்ன வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை ஆறு லட்சம் இழந்தாள். பணம் ஒரு கணக்கிலிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரிந்து ஓடியது. இவர் நேர்மையான வியாபாரி, இவன் கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரி மாணவன் என்று விசாரித்து முடிப்பதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். முடக்கியதால்தான் கொஞ்சமாவது திரும்பியது. முடக்கியதற்காகக் கோபப்படாதீர்கள் அண்ணா. விடுவிக்க இழுத்தடிப்பதற்காகக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

என் மருமகளுக்கு சிபிஐ அதிகாரி என்று வீடியோ அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்து துண்டிக்கச் சொன்னேன். கடலூர் மாவட்ட சைபர் நிலையத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். என் அனுபவம் இவ்வளவே. ஆனால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இப்படி வீடியோ அழைப்பில் அதிகாரி போல மிரட்டிச் செய்யும் "டிஜிட்டல் கைது" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே சொன்னார். பாகூர் தம்பி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னணு வழியில் கொடுத்தால், கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். முதலில் 1930, பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். பரிவர்த்தனை எண், வங்கி அறிக்கை, திரைப் படங்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். பயத்தில் போனை அழித்துப் புதிதாக்கிவிடாதீர்கள், சாட்சியமும் போய்விடும். வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. ரகசிய எண்ணை அவரே கொடுத்திருந்தாலும், தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. நிறுத்தி வைத்த தொகையைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின் கீழ் மனுப் போடலாம்.

பண்ருட்டிக்காரரே, எந்த நிலையம் முடக்கச் சொன்னது, புகார் எண் என்ன என்று வங்கியில் எழுதி வாங்குங்கள். பில்லை இணைத்து அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதையும் எழுதுங்கள்.

சிதம்பரம் மாணவி

பணம் பற்றியது அல்ல என்னுடையது. என் முகத்தை வேறு உடலில் ஒட்டி, என் பெயரில் ஒரு போலி சமூக ஊடகக் கணக்கு. அண்ணன்தான் நிலையத்துக்கு அழைத்துப் போனான். படத்தைத் திறக்க வேண்டிய நேரத்தில் பெண் உதவி ஆய்வாளர் அண்ணனிடம், "இந்த அடையாள அட்டையை நகல் எடுத்து வாருங்கள்" என்றார். அவன் போனதும் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நகல் எடுக்கும் இயந்திரம் அந்த அறையிலேயே இருந்தது.

கணக்கின் இணைப்பு முகவரியை எடுத்த பிறகுதான் நீக்கச் சொல்லிப் புகார் செய்ய வேண்டும் என்றார். பிறகு, "வீட்டில் யாரும் படிப்பை நிறுத்தச் சொன்னால் என்னிடம் பேசச் சொல்" என்றார். நான் கேட்காமலேயே சொன்னது அது.

பாகூர் மகன்

வங்கி ஐயா, சட்டம் இருப்பதை நான் மறுக்கவில்லை. பிரிவு எண்ணை எழுபது வயதுக்காரர் அந்த மேசை முன் நின்று ஒப்பிக்க வேண்டுமா? மாவட்டத்துக்கு ஒரு சைபர் நிலையம். வேப்பூரிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் கடலூருக்குப் பஸ் ஏறி வருவதற்குள் பணம் எத்தனை கணக்கு மாறியிருக்கும்? ஊர் நிலையத்தில் இருக்கிறவருக்கு 1930ஐ அழுத்தத் தெரிந்தால் போதும்.

பண்ருட்டி முந்திரி வியாபாரி

நன்றி ஐயா. புகார் எண்ணை நாளைக்குத் தருவதாக வங்கியில் சொன்னார்கள். ஆசிரியை அம்மா, உங்கள் தங்கைக்குப் பணம் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் 18,500 ரூபாயை வழக்கு முடியும்வரை வைத்திருக்கட்டும், மீதியை விட்டால் கூலி கொடுத்துவிடுவேன். அந்த அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுதினால் போதுமா, இந்தியில்தான் எழுத வேண்டுமா? எழுதிப் பதில் வாங்கியவர்கள் சொல்லுங்கள்.