குளோரின் எங்கே போகிறது? கூலிங் வாட்டர் கசிவு அனுபவங்கள்

உரத் தொழிற்சாலை கெமிஸ்ட்:
எங்கள் அம்மோனியா பிளான்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூலிங் டவர் தண்ணீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரின் போடுவோம். அதில் ஃப்ரீ குளோரின் (எதோடும் சேராமல் மிஞ்சி நிற்பது) வழக்கமாக 0.5 பிபிஎம் நிற்கும். ஒரு நாள் காலையில் பூஜ்யம். டோஸைக் கூட்டினோம், மறுநாளும் பூஜ்யம். குளோரின் செலுத்தும் குளோரினேட்டரில்தான் கோளாறு என்று பிரித்து மாட்டியதில் இரண்டு நாள் போயிற்று. அதற்குள் டவர் ஃபில்லில் (தண்ணீர் பரவி வழியும் அடுக்குகளில்) கிருமிப் படலம் வழுவழுவென்று படிந்துவிட்டது.

லேபில் இருந்த மூத்தவர், "டோட்டல் குளோரின் பாத்தியாப்பா?" என்று கேட்டார். ஃப்ரீயாக நிற்பதும் வேறொன்றோடு சேர்ந்து நிற்பதும் கூடியதுதான் டோட்டல். பார்த்தால் அது ஏறியிருந்தது! ஏதோ ஒரு கூலரின் டியூபில் ஓட்டை விழுந்து அம்மோனியா தண்ணீரில் கசிந்திருக்கிறது. போட்ட குளோரினெல்லாம் அந்த அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற சேர்மமாக நின்றிருக்கிறது. ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். நாங்கள் கூட்டியது எந்த மூலைக்கு?

பிஎச்சும் குழப்பியது. அம்மோனியா கலந்தால் ஏற வேண்டும். ஏறிவிட்டுப் பிறகு இறங்கியது. பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. பிஎச் இறங்கியதை வைத்து அம்மோனியா கசியவில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசியில் ஒவ்வொரு கூலரிலும் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்துத்தான் ஓட்டை டியூப் எதில் என்று பிடித்தோம்.

அனல்மின் நிலைய ஆபரேட்டர்:
எங்களுக்கு நேர் எதிர், சார். நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் நீராவிப் பக்கம் வேக்குவம், டியூபுக்குள் கடல்நீர். துளி ஓட்டை என்றாலும் கடல்நீர் உள்ளே வந்துவிடும். அந்தத் தண்ணீர் சேரும் ஹாட்வெல்லில் சோடியமும், உப்பு கலந்ததைக் காட்டும் கேட்டயான் கண்டக்டிவிட்டியும் ஏறும். லோடைக் குறைத்து, ஒரு பக்க வாட்டர்பாக்ஸை (கடல்நீர் டியூபுக்குள் போகுமுன் நிற்கும் அறை) வடித்து, டியூப் முனைகள் பொருந்தியிருக்கும் டியூப் ஷீட் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவோம். ஓட்டையான டியூப் தாளை உள்ளே இழுக்கும். அதன் இரண்டு முனையிலும் பிளக் அடிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தண்ணீரில் மரத்தூள் போட்டுத் தற்காலிகமாக அடைப்பார்கள்.

பராமரிப்புப் பிரிவு:
எங்கள் ஊழியர் யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்கடியில் கூலிங் வாட்டர் லைன் ஓட்டையாகிக் கசிந்தது, அண்ணே. உப்பு ஏறிய தண்ணீரை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வைத் தொடவே இல்லை, ஆனால் டவரில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) இறங்கிக்கொண்டே வந்தது, குறைவதை ஈடுசெய்யும் புதுத் தண்ணீரை அளக்கும் மேக்கப் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஃப்ளோரசீன் சாயம் கலந்தோம். மறுநாள் பக்கத்து மழைநீர்க் கால்வாயில் பச்சையாக வந்தது.

உரத் தொழிற்சாலை கெமிஸ்ட்:
ஒன்று விட்டுவிட்டேன். அன்று பாதிக் கூலர்களில் சாம்பிள் வால்வு துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. ஓட்டையைத் தேடும் வேலை இரண்டு நாளில் முடிய வேண்டியது ஐந்து நாளானது அதனால்தான். இப்போது மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து மூடுகிறோம்.