புதுப்பிப்பு: மருத்துவமனை அருகே எங்கள் தெருவுக்கு பார்க்கிங் பெர்மிட் வந்துவிட்டது

லண்டனில் மருத்துவமனையை ஒட்டிய எங்கள் தெருவில் பகல் முழுக்க வெளியார் கார்கள் நிற்கின்றன, குடியிருப்போருக்கு மட்டும் பெர்மிட் கொண்டுவர என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஆளுக்கொரு புகார் அனுப்பாமல் தெருவே சேர்ந்து ஒரே மனுவாகக் கவுன்சிலரிடம் கொடுங்கள் என்ற யோசனைதான். அப்புறம் கவுன்சில் வீடு வீடாகக் கருத்துக் கேட்டது, பெர்மிட் கொண்டுவருவதற்கான வரைவு ஆணையை அறிவித்து ஆட்சேபம் சொல்ல சட்டப்படி 21 நாள் விட்டது. அந்த 21 நாளில் ஆதரவாகவும் எழுதுங்கள், எதிர்ப்புக் கடிதம் மட்டும் போய்க் குவிய விடாதீர்கள். கட்டணத்தைக் கண்டபடி ஏற்றுவார்களோ என்று கேட்டவருக்கு: பெர்மிட் கட்டணத்துக்கு அடிப்படையான 1984 சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் வருமானம் திரட்டுவதற்கானது அல்ல என்று, லண்டனின் பார்னெட் கவுன்சில் மீதான 2013 வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எதிர்பாராதது, கார்கள் அப்படியே பெர்மிட் எல்லைக்கு வெளியே அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிட்டன. அங்கிருப்பவர்கள் இப்போது தனியாக மனு போடுகிறார்கள், பாவம். அதனால் எல்லையை ஆரம்பத்திலேயே அகலமாகக் கேளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், பராமரிக்க வருபவருக்கு எந்தப் பெர்மிட், என்ன கட்டணம் என்பதையும் கருத்துக் கேட்பின்போதே எழுப்பிவிடுங்கள். எங்கள் தெருவில் இன்னும் இழுபறியாக இருப்பது அது ஒன்றுதான்.