"அது வேற, இது வேற": வல்லரசு விவாதங்களில் எண்ணம் மாறிய தருணங்கள்

பதிவு 1

உலக அரசியல் பேசப் போய், பேச்சின் நடுவே உங்கள் எண்ணமே ஆட்டம் கண்ட அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

பல வருடங்கள் நான் இடதுசாரியாகத்தான் வாதாடி வந்தேன். ஏகாதிபத்தியம் என்று யார் சொன்னாலும் என் மனதில் வருவது ஒரே ஒரு நாடு, அமெரிக்கா. 1953-ல் ஈரானில் பிரதமர் மொசாதேக்கின் ஆட்சி கவிழ்ந்தது, 1954-ல் குவாத்தமாலா, 1973-ல் சிலி, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இதில் எதுவும் கட்டுக்கதை இல்லை. ஈரானில் தன் கை இருந்ததை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது, 2013-ல் அது வெளியானது. கையில் இருப்பது உண்மை என்பதால், நான் நிற்கும் இடமும் உண்மையின் பக்கம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இரவு, பால்டிக் நாடுகளான எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எதிரே வாதாடியவர் என்னைவிட வயதில் மூத்தவர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல் எழுதுவார். "தோழர், 1939 ஒப்பந்தத்தோட ரகசிய இணைப்பைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஹிட்லரின் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தையும் பால்டிக் நாடுகளையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட இணைப்பைத்தான் சொன்னார். அதெல்லாம் மேற்கு நாடுகள் கட்டிவிட்ட கதை என்று பட்டென்று எழுதிவிட்டேன்.

அவர் ஒரு படம் அனுப்பினார். 1939 செப்டம்பர் 28 தேதியிட்ட வரைபடம். போலந்தின் குறுக்கே ஒரு கோடு. ஒரு கையெழுத்து ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்புடையது. இன்னொன்று ஸ்டாலினுடையது, ஊர்ப் பெயர்களுக்கு மேலேயே பெரிதாக ஓடுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்துக்கு அடியில் ஆறுகளும் ரயில் பாதைகளும் தெரிந்தன. அங்கே வாழ்ந்த மனிதர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

கீழே அவர் எழுதியிருந்தார்: "இப்படி ஒரு இணைப்பே கிடையாதுன்னு மாஸ்கோ ஐம்பது வருஷம் சாதிச்சது. 1989 டிசம்பர்ல சோவியத் மக்கள் பிரதிநிதிகள் மாநாடே அதை ஒப்புக்கிட்டுக் கண்டிச்சாச்சு. நீங்க இன்னும் 1988-லயே நிக்கிறீங்க."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த சில நாட்களில் கத்தின் படுகொலையைப் பற்றிப் படித்தேன். 1940-ல் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளைச் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பழியை ஜெர்மானியர் மேல் போட்டு, 1990 ஏப்ரலில்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது ஸ்டாலின் செய்தது அல்ல, நான் செய்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் "பொய்" என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஈரான் விஷயத்தில் நான் யாரிடமும் மூலப்பிரதி கேட்டதில்லை. கேட்ட உடனே நம்பினேன்.

பதிவு 2

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். சுதந்திர உலகம், ஜனநாயகம், இவை பொய் சொல்லாது என்று நம்பியவள் நான். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டி, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று பேசியதை நேரலையில் பார்த்தேன். இவ்வளவு நிதானமாகப் பேசும் மனிதர் ஆதாரம் இல்லாமலா பேசுவார் என்று தோன்றியது. போர் கூடாது என்று எழுதிய அத்தனை பேரையும் "சதாம் ஆதரவாளர்" என்று முத்திரை குத்தினேன்.

அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004-ல் அறிக்கை கொடுத்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை. நான் மிகக் கடுமையாகப் பேசியிருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "எனக்குக்கூட ஆயுதம் இருக்கும்னுதாங்க தோணுச்சு. இருந்தாலும் போர் வேண்டாம்னு சொன்னேன். நான் என்ன சொல்றேன்னு நீங்க கேட்கவே இல்லையே."

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்று இடங்களில் அதைத் தெளிவாக எழுதியிருந்தார்.

பதிவு 3

சர்வதேசச் சட்டம் பற்றி இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்த விவாதத்தில் நான் இடையில் புகுந்த கதை இது. ஒருவர் மேற்கின் ஆதரவாளர், மற்றவர் ரஷ்யாவையும் சீனாவையும் தூக்கிப் பிடிப்பவர். இருவருமே நன்றாகப் படித்தவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வழக்குகளை அவர்கள் முன் வைத்தேன். முதலாவது நிக்கரகுவா. அந்நாட்டு அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா ஆயுதக் குழுக்களுக்கு உதவியதும் துறைமுகங்களில் கண்ணிவெடி போட்டதும் சட்டவிரோதம் என்று 1986 ஜூன் 27-ல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா நீதிமன்றத்தின் அதிகாரத்தையே ஏற்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொன்ன தீர்மானம் அக்டோபரில் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தபோது வீட்டோ போட்டுத் தடுத்தது. அடுத்தது தென் சீனக் கடல். 2016 ஜூலை 12-ல் ஹேக் நகரின் நடுவர் தீர்ப்பாயம் சீனா தன் வரைபடத்தில் ஒன்பது கோடுகள் போட்டுக் கோரும் கடல் உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. சீனா விசாரணையிலேயே கலந்துகொள்ளவில்லை, தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. கடைசியாக உக்ரைன். ராணுவ நடவடிக்கையை உடனே நிறுத்தச் சொல்லி 2022 மார்ச் 16-ல் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 2 என்ற கணக்கில் உத்தரவிட்டது. ரஷ்யா நிறுத்தவில்லை. எதிர்த்து வாக்களித்த இரண்டு நீதிபதிகள் ரஷ்யாவையும் சீனாவையும் சேர்ந்தவர்கள். நிக்கரகுவா வழக்கில் அமெரிக்க நீதிபதி என்ன செய்தார் என்று பார்த்தால், அவரும் தன் நாட்டுக்கு எதிரான தீர்ப்போடு உடன்படவில்லை.

"நாட்டுப் பெயர்களை மறைத்துவிட்டு இந்த மூன்றில் எது யாருடைய பதில் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டேன். ஒருவர், நிக்கரகுவா அந்தக் காலப் பனிப்போர்ச் சூழல், அது வேற, இது வேற என்றார். இன்னொருவர், கடல் வழக்கில் தீர்ப்பாயமே ஒருதலைப்பட்சம், அது வேற, இது வேற என்றார். காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அதே வாக்கியத்தை அடுத்தடுத்து எழுதினார்கள். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கொள்கையை வைத்து அரசுகளைக் கணிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அதற்கும் முன்பே போய்விட்டது. 1979-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கம்யூனிஸ்ட் வியட்நாம் கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற இன்னொரு கம்யூனிஸ்ட் ஆட்சியை விரட்டியது. பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் சீனா வியட்நாம் மேல் படையெடுத்தது. சொந்த மக்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமான அந்தக் கெமர் ரூஜ் தரப்புக்கே ஐ.நா. இருக்கை தொடரட்டும் என்று சீனாவோடு சேர்ந்து வாக்களித்தது அமெரிக்கா. எந்தச் சித்தாந்த நூலை விரித்துவைத்து இதை விளக்குவது? வியட்நாம் சோவியத்தின் கூட்டாளி. சோவியத் எதிர்ப்புக் கணக்கு என்று போட்டுப் பாருங்கள், ஒரே வரியில் புரியும்.

பதிவு 4

வல்லமை கொள்கை முழக்கத்தில் இல்லை, ஓட்டு விதியில் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் ஒரு கணக்காளர். சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) பற்றி நான் ஆவேசமாக எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டே எண்களைச் சொன்னார். முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவின் பங்கு 16 சதவீதத்துக்குச் சற்று மேல். "மீதி எல்லா நாடும் ஒண்ணா நின்னாலும் அவங்க சம்மதம் இல்லாம நடக்காது தம்பி. திட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோ" என்றார். அதற்குப் பிறகு எந்த அமைப்பைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதன் வாக்கு விதியைத்தான் தேடிப் படிக்கிறேன்.

பதிவு 5

எல்லோரும் சொல்வதைப் படித்தேன். ஒரு விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது.

ஈராக் குவைத்தை ஆக்கிரமித்திருந்த நேரம், 1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் ஒரு குவைத் சிறுமி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஈராக் வீரர்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்கள் என்று. அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள் என்பது 1992-ல் வெளியே வந்தது. அந்தக் கதைக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. இதை நான் ஒரு இளைஞருக்கு விரிவாக எழுதி விளக்கினேன். போர்ப் பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று அவர் புரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் வேறு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: குவைத்தில் ஈராக் படை எந்தக் கொடுமையும் செய்யவில்லை, எல்லாமே நாடகம் என்று. ஆதாரமாக என் பதிவையே காட்டியிருந்தார். அந்த ஆக்கிரமிப்பில் மக்கள் கொல்லப்பட்டதும் சித்திரவதை செய்யப்பட்டதும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தவை. "ஐயா, நீங்கதானே சொன்னீங்க எல்லாம் பொய்னு?" என்று கேட்டார். நான் ஒரு சாட்சியத்தைத்தான் பொய் என்றேன். அவர் ஒரு நாட்டின் துயரத்தையே அழித்துவிட்டார். அதில் எனக்கும் பங்கு உண்டு. கொடுமை நடந்தது உண்மை என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

எல்லா வல்லரசும் ஒன்றுதான் என்று கைகழுவுகிறவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பை அமெரிக்கா மதிக்கவில்லை என்பதால் நிக்கரகுவா வழக்குப் போட்டது வீண் ஆகிவிடாது. இன்றும் நாம் அந்தத் தீர்ப்பைத்தானே எடுத்துக்காட்டுகிறோம்?

பதிவு 6 (தொடங்கியவர்)

ஐந்தாம் பதிவு எழுதிய ஐயாவுக்கு நன்றி. நான் யோசிக்காத பக்கம் அது.

அந்த மூத்தவரோடு இப்போதும் பேசுகிறேன். போன மாதம் லுமும்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். காங்கோவின் முதல் பிரதமர், 1961 ஜனவரியில் கொல்லப்பட்டவர். காங்கோவை முன்பு ஆண்ட பெல்ஜியம் 2002-ல் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. உடலை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள், மிஞ்சிய ஒரே ஒரு பல் 2022-ல்தான் குடும்பத்தின் கைக்குத் திரும்பியது. அந்த மூத்தவர் மேற்கை எப்போதும் விட்டுக்கொடுக்காத மனிதர். ஏதாவது சமாதானம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது எனக்குத் தெரியாது தோழர். படிச்சுட்டு வர்றேன்" என்று மட்டும் எழுதினார்.

மூன்று நாள் கழித்து வந்தார், ஏழு கேள்விகளோடு. ஐந்துக்குப் பதில் எழுதிவிட்டேன். மீதி இரண்டுக்கு இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.